தலைவர் வந்த தெருவில் கரண்ட் இல்லை

அவர் டீக்கடையில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக பேன்ட் பாக்கெட்டிலிருந்து ஃபியூஸ் கட்டையை எடுத்து மேஜை மேல் வைப்பார். ஓரம் கருகிய வெள்ளைப் பீங்கான் கட்டை. டீ மாஸ்டர் அதைக் கொஞ்சம் நகர்த்தினால்கூட முறைப்பார். "ஏண்ணே, டீக்கடைக்குமா இதைத் தூக்கிக்கிட்டு வர்றது?" என்று ஒரு முறை கேட்டேன். "இது எங்கிட்ட இருந்தாத்தாம்மா, மேல ஏறினவன் பத்தரமா கீழ எறங்குவான்" என்றார்.

நெய்வேலி டவுன்ஷிப் மின்சாரப் பிரிவில் அவர் லைன்மேன். அதே பிரிவில் புகார் போன் எடுக்கும் வேலை எனக்கு. எந்த பிளாக், எந்தத் தெரு, எத்தனையாம் நம்பர் குவார்ட்டர்ஸ் என்று கேட்டு எழுதிவைப்பேன். அவர் அதைப் பார்த்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது. என் அப்பா தெற்கே இருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர், அதனால் என் பேச்சு எந்த ஊர்ப் பேச்சு என்று எனக்கே தெரியாது. அவர் காடாம்புலியூர்க்காரர். முந்திரி சீசனில் முந்திரி, பலா சீசனில் பலா என்று பிரிவில் எல்லோருக்கும் வந்துவிடும். இப்போது ஓய்வு பெற்று அந்த ஊரிலேயே இருக்கிறார். பார்த்துப் பல வருடங்களாகின்றன. ஆனால் தேர்தல் என்று யாராவது வாயைத் திறந்தால் எனக்கு அவர் முகம்தான் முதலில் வருகிறது. அவர் எந்தக் கட்சிக்கும் ஓட்டுக் கேட்டவர் இல்லை.

ஃபியூஸ் கட்டை விஷயத்துக்கு வருகிறேன். லைனில் வேலை என்றால், அந்தத் தெருவோரத்து இரும்புப் பெட்டியான பில்லர் பாக்ஸைத் திறந்து ஃபியூஸ் கட்டைகளைப் பிடுங்குவார்கள். பிடுங்கியதை மற்றவர்கள் பெட்டிக்குள்ளேயே ஓரமாக வைத்துவிட்டு, 'ஆள் வேலை செய்கிறார்' என்று ஒரு அட்டையை மாட்டிவிட்டுப் போவார்கள். இவர் அட்டையை நம்பமாட்டார். "அட்டைய மாடு தின்னுட்டுப் போயிரும்மா" என்பார். கட்டைகள் அவர் பாக்கெட்டில்தான் இருக்கும். அவர் கையால் திரும்பப் போடுகிற வரைக்கும் அந்தத் தெருவுக்குக் கரண்ட் வராது. நாளடைவில் இது எங்கள் பிரிவுக்கே சட்டமாகிவிட்டது. கட்டை இல்லாத பெட்டியைப் பார்த்தால், லைனில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வேறு கட்டையைக் கொண்டுவந்து யாரும் சொருகக் கூடாது.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், தண்ணி மோட்டாருக்குத் தனி லைன் இருக்கிறதா, ஃபிரிட்ஜுக்குத் தனி லைன் இருக்கிறதா என்று பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே லைனில் மாட்டியிருந்தால் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு அர்ச்சனைதான். "ஒண்ணு போச்சின்னா எல்லாம் போயிரும்ங்க. அது அதுக்குத் தனி லைன் இழுங்க" என்பார்.

மனுஷன் தன் வாழ்க்கையையும் அப்படியேதான் இழுத்து வைத்திருந்தார். வேலை ஒரு லைன். சங்கம் ஒரு லைன். அவருடைய நடிகர் ஒரு லைன்.

அந்த நடிகரை அவர் பெயர் சொல்லிக் கேட்டதில்லை. தலைவர் என்பார், அவ்வளவுதான். டவுன்ஷிப் ரசிகர் மன்றத்துக்கு இவர்தான் ரொம்பக் காலமாகத் தலைமை. புதுப்படம் வந்தால் கேஷுவல் லீவு போடுவார். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் அவரவர் நடிகருக்காகக் காய்ச்சல், பேதி என்று எழுதிக்கொடுப்பார்கள். இவர் 'சொந்த வேலை' என்று எழுதுவார். "தலைவருக்காவ ஏன் பொய் சொல்லணும்? அது சொந்த வேலைதானே" என்பார்.

யூனிஃபார்ம் போட்டிருக்கும்போது தலைவரைப் பற்றிப் பேசவே மாட்டார். எனக்கு வாய் சும்மா இருக்காது. காலையில் அவர் புகார்ப் புத்தகத்தைப் புரட்டும்போது, "உங்க ஆளுக்கு வயசாயிடுச்சுண்ணே, ஆட்டம் எல்லாம் டூப்புதான்" என்று கிள்ளிவிடுவேன். காதில் விழாத மாதிரி போய்விடுவார். சாயந்திரம் ஐந்து மணிக்கு டூட்டி முடித்து, சட்டையை மாற்றி, தலையைச் சீவிக்கொண்டு என் மேஜை முன்னால் வந்து நிற்பார். "இப்ப கேளும்மா. காலைல இன்னா சொன்னே?" என்பார். எட்டு மணி நேரம் அதை அப்படியே வைத்திருந்து, சட்டை மாற்றியபிறகு சண்டைக்கு வருகிற ஆளை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

அந்த நடிகர் ஒரு மிக்ஸி விளம்பரத்தில் வந்தார். சட்னி அரைத்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துக் கண்ணடிப்பார். நான் வாங்கிவிட்டேன். மூன்றே மாதத்தில் கருகல் வாசனையோடு நின்றுபோனது. தூக்கிக்கொண்டு வந்து அவர் மேஜையில் வைத்தேன். "உங்க தலைவர் சொன்ன மிக்ஸி. நீங்களே பாருங்க" என்றேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தார். உள்ளே மோட்டாரின் செம்புக் கம்பிச் சுற்றைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"இந்த மோட்டாருக்குக் காயில் சுத்தினவன் கையில நாலு போடணும்" என்றார்.

"உங்க தலைவர்தானே நல்லாருக்குன்னு சொன்னாரு?"

"அவரு நடிச்சது நல்லாத்தாம்மா இருந்துச்சி. சட்டினியக் கூட அழகா அரைச்சாரு. காயிலு அவரா சுத்தினாரு?"

"அப்ப நீங்க வாங்கலையா இதை?"

"நடிச்சா கைதட்டுவேன். மிக்ஸி வாங்கச் சொல்ல மோட்டாரத் தொறந்து பாப்பேன். ரெண்டையும் ஏன் போட்டுக் கொழப்பிக்கினு?" என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் உட்கார்ந்து அவரே காயில் சுற்றிக் கொடுத்தார்.

அவர் ஓட்டு யாருக்கு என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. அவர் இருந்த சங்கம் ஒரு கட்சியைச் சேர்ந்தது. கேட் மீட்டிங் என்றால் முதல் வரிசையில் நிற்பார், கோஷம் போடுவார். ஆனால் தேர்தல் அன்று விரலில் மையோடு வருகிறவரிடம், "சங்கத்துக்குத்தானே?" என்று கேட்டால், "அது வேற லைன்" என்பதோடு சரி. வீட்டில் அண்ணியிடம் ஒரு முறை கேட்டுப் பார்த்தேன். "எங்கிட்டயே சொல்ல மாட்டாரும்மா. நானும் சொல்ல மாட்டேன்" என்று சிரித்தார்.

இப்படி இருந்த மனிதரைச் சோதிப்பதற்கென்றே ஒரு தேர்தல் வந்தது. அதுவரை அரசியல் பக்கமே வராத அந்த நடிகர் திடீரென்று ஒரு கட்சிக்கு ஆதரவு என்று அறிவித்தார். ஊர் ஊராகப் பிரசாரமும் போகப்போகிறார் என்றார்கள். அவர் ஆதரித்த கட்சி, எங்கள் லைன்மேனுடைய சங்கத்துக்கு நேர் எதிர்க்கட்சி.

பிரிவில் அன்று யாரும் வேலை பார்க்கவில்லை. ஸ்டோர் கீப்பர் ஐயா, "தமிழ்நாட்டுல சினிமாக்காரன் கை காட்டினா ஆட்சியே மாறும்மா, நான் பார்த்தவன்" என்றார். "அந்தக் காலம் வேற சார். இப்ப பசங்க செல்ஃபி எடுத்துட்டு அடுத்த கட்சிக்குப் போய்க் குத்திட்டு வர்றானுங்க" என்றார் ஜூனியர் இன்ஜினியர். பெருக்க வரும் அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "அந்த ஆளு வந்தா நான் பாக்கப் போவேன், கலரு எப்டின்னு தெரியணும். ஓட்ட ஏன் அவரு சொல்றாரு? அவருக்கு எங்க தெருவுல தண்ணி வருதா இல்லையான்னு தெரியுமா?" என்றார். எனக்கு இதில் பெரிய அபிப்பிராயம் இல்லை. மைன்ஸில் மலை மாதிரி மெஷின்களைப் பார்த்த ஊர் இது. ஆனாலும் தெருவில் ஒரு ஜேசிபி வந்து குழி தோண்டினால் வேலையை விட்டுவிட்டு நின்று பார்ப்போம். நடிகர் வந்தால் பார்க்கமாட்டோமா? பார்த்தவர்கள் எல்லாம் ஓட்டுப் போடுவார்கள் என்றால் ஜேசிபிதான் எம்.எல்.ஏ. ஆகியிருக்கும். இதைச் சொன்னதற்கு ஸ்டோர் கீப்பர் என்னோடு ஒரு நாள் பேசவில்லை.

எல்லோர் கண்ணும் இவர் மேல்தான். மன்றத்துப் பையன்கள் நாலைந்து பேர் கேட்டுக்கே வந்துவிட்டார்கள். "அண்ணே, தலைவரே சொல்லிட்டாரு. நம்ம ஓட்டு மொத்தமும் ஒரே பக்கம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்கள்.

"படத்துக்கு எல்லாரும் சேந்து போவோம். கட்டவுட்டு சேந்து வெப்போம். ஓட்டு போடற எடத்துல ஒரு ஆளுதான்டா நிக்க முடியும். அவன் அவன் தனியா போ" என்று அனுப்பிவிட்டார்.

சங்கச் செயலாளரும் விடவில்லை. "என்ன தோழர், வரவேற்புக்குப் போவீங்களா?"

"போவேன்."

"அப்ப ஓட்டு?"

"அதையும் போடுவேன் தோழர்."

செயலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு போனார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. இத்தனை வருடத்தில் அந்த நடிகரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. சென்னைக்குப் போய் வாசலில் நிற்பதெல்லாம் மரியாதை இல்லை என்று போகாமலே இருந்தவர். பிரசார வேன் எங்கள் டவுன்ஷிப் வழியாகப் பக்கத்து ஊரான வடக்குத்துக்குப் போகிறது என்று தெரிந்ததும், வழக்கம்போல் 'சொந்த வேலை' என்று எழுதி அரை நாள் லீவு கேட்டார். கிடைக்கவில்லை. வேன் உயரமானது, நடிகர் அதன் கூரைமேல் நின்றுகொண்டு வருவார், மேலே மின்கம்பி. அதனால் வேன் கடக்கிற நேரம் தெருத்தெருவாக லைனை நிறுத்த வேண்டும், அன்று ஒருவருக்கும் லீவு இல்லை என்றுவிட்டார்கள்.

அவருக்கு விழுந்தது நான் குடியிருக்கும் தெரு. ஆபீசரிடம் போய் நின்றார். "சார், வேற வேல எது வேணும்னாலும் குடுங்க. அந்தத் தெரு வேணாம். எனக்கு அது சரியா வராது."

ஆபீசர் சினிமாவே பார்க்காதவர். "அந்தத் தெரு லைன் உங்களுக்குத்தானே நல்லாத் தெரியும்? நீங்கதான் போகணும்" என்றார்.

வேன் வருகிற அன்று மதியம், கம்பம் ஏறப்போகிறவர் வழக்கம்போல் செல்போனை என் மேஜை டிராயரில் வைத்தார். "செல்ஃபி எடுக்க வேணாமாண்ணே?" என்றேன். "டூட்டிம்மா" என்றார். சட்டையை இரண்டு முறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிறகு நடந்ததில் பாதியை எங்கள் தெருவும் மீதியை மன்றத்துப் பையன்களும் எனக்குப் பின்னால் சொன்னார்கள். இரண்டரை மணிக்குப் பில்லர் பாக்ஸைத் திறந்து மூன்று கட்டைகளையும் பிடுங்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். தெருவின் குறுக்கே ஒரு கேபிள் டிவி ஒயர் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்க ஏணியைக் கம்பத்தில் சாத்தி ஏறி, ஒரு மூங்கில் கழியால் ஒயரை உயர்த்திக்கொண்டு நின்றார். வேன் ஊர்ந்து வந்தது. கூரைமேல் நடிகர், ஏணிமேல் இவர். இரண்டு பேர் முகமும் ஒரே உயரத்தில், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். ஒயருக்குக் கீழே தலையைக் குனிந்த நடிகர், நிமிர்ந்து இவரைப் பார்த்தார்.

"அண்ணே, கை பத்திரம். பாத்து எறங்குங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த நடிகர் அன்று வழியெல்லாம் எல்லோரிடமும் ஓட்டுக் கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறார். இவரிடம் மட்டும் கேட்கவில்லை.

இவர் பார்த்துத்தான் இறங்கினார். இறங்கி, ஏணியைக் கம்பத்திலேயே விட்டுவிட்டு, வேன் பின்னாலேயே நடந்தார். கத்தவில்லை, கைதட்டவில்லை, ஆடவில்லை. சும்மா சிரித்த முகமாக நடந்துகொண்டே இருந்தாராம். வடக்குத்து வரைக்கும்.

இங்கே என் போன் அலறத் தொடங்கியது. ஏப்ரல் மாத வெயில். வேன் போய் அரை மணி ஆயிற்று, கரண்ட் வரவில்லை. ஒரு மணி ஆயிற்று, வரவில்லை. எங்கள் தெருவில் பாதிப்பேர் நைட் ஷிஃப்ட். பகலில் தூங்கினால்தான் ராத்திரி மைன்ஸில் கண் விழிக்க முடியும். "ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புற ஊர்ல உக்காந்துக்கிட்டு விசிறிமட்டையால வீசிக்கிட்டு இருக்கேன்மா" என்று ஒருவர் கத்தினார். "அந்தக் கட்சிக்காரன் வந்தாலே இருட்டுதானா?" என்று ஒரு அம்மா கேட்டார். இன்னொரு லைன்மேனை அனுப்பினோம். அவர் போய்ப் பெட்டியைப் பார்த்தால் கட்டைகள் இல்லை. கம்பத்தில் ஏணி நிற்கிறது, ஏணியில் ஆள் இல்லை. வேன் பின்னால் போன கூட்டத்தோடு அவரும் போனதைத் தெருவில் யாரும் கவனிக்கவில்லை. பயந்துபோய் வேலியோரம், சாக்கடை எல்லாம் தேடியிருக்கிறார்கள், விழுந்து கிடக்கிறாரோ என்று. வேறு கட்டையைப் போட்டுக் கரண்ட் விடலாம் என்று ஜூனியர் இன்ஜினியர் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஆட்கள் ஒருவரும் கை வைக்கவில்லை. "கட்டை அண்ணன் பாக்கெட்ல இருக்கு சார். அவரு வராம முடியாது" என்றுவிட்டார்கள். அவர் செல்போனுக்கு அடித்தால் என் டிராயரிலேயே அடிக்கிறது.

வடக்குத்தில் கூட்டம் முடிந்து வேன் மெயின் ரோட்டில் வேகமெடுத்துப் போய்விட்டது. இவர் ஒரு கடையில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். பழக்கத்தில் கை பாக்கெட்டுக்குள் போயிருக்கிறது. டீயை அப்படியே விட்டுவிட்டு, யாருடைய சைக்கிளையோ வாங்கிக்கொண்டு மிதித்திருக்கிறார். ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் கரண்ட் வந்தது.

மறுநாள் காலை பிரிவுக்கு முன்னால் இரண்டு கூட்டம். நடிகர் ஆதரித்த கட்சி வேட்பாளரின் ஆட்கள் ஒரு பக்கம். "எதிர்க்கட்சி சங்கத்துக்காரன் வேணும்னே கரண்டைப் புடுங்கி ஜனங்களை எங்க மேல திருப்பி விட்டுட்டான்" என்று கூச்சல். இன்னொரு பக்கம் சங்கச் செயலாளர், வாய் கொள்ளாத சிரிப்போடு வந்து இவர் முதுகில் தட்டினார். "பெரிய வேலை பண்ணிட்டீங்க தோழர்! அந்தத் தெரு ஓட்டு மொத்தமும் நமக்குத்தான்!" என்றார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றேதான். இவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. காலம் பூராவும் தனித்தனியாக இழுத்து வைத்திருந்த லைன்களை ஒரே நாளில் ஊரே முடிச்சுப் போட்டுவிட்டது.

ஸ்டோர் கீப்பர் அவர் காதருகே குனிந்து, "கட்டை எரிஞ்சுபோச்சு, மாத்த நேரமாச்சுன்னு எழுதிக்குடுத்துடு. முடிஞ்சுது" என்றார். இவர் தலையை ஆட்டிவிட்டு என் மேஜைக்கு வந்தார். அவர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், விளக்கக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதித் தருவேன்.

"எழுதும்மா. தலைவரப் பாத்த சந்தோசத்துல, கட்டை பாக்கெட்ல இருக்கறத மறந்துட்டேன்."

"அண்ணே, சிரிப்பாங்கண்ணே. 'கவனக்குறைவால்'னு போடுறேன்."

"கவனக்குறைவு இல்லம்மா" என்றார். "கவனம் பூரா இருந்துச்சி. அங்க இருந்துச்சி, அவ்ளோதான்."

அப்படியே எழுதினேன். ஆபீசர் இரண்டு முறை படித்துவிட்டு, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் ஒரு எச்சரிக்கை மெமோ கொடுத்தார். அத்தனை வருட வேலையில் அவர் வாங்கிய முதல் மெமோ அது. பிரிவு முழுவதும் அன்று அதைப் பேசிப் பேசிச் சிரித்தது. அவரும் கூடச் சேர்ந்து கொஞ்சம் சிரித்தார். மெமோ அவருக்கு உறுத்தவில்லை. தன் மறதியை வைத்து ஒரு தெரு ஓட்டுப் போடப்போகிறது என்பதுதான் உறுத்தியது. "நாப்பது வூடும்மா. நாப்பது வூட்டு ஓட்டும் எம் பாக்கெட்ல மாட்டிக்கிச்சி" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் வந்து நின்றார். யூனிஃபார்ம் இல்லை, மன்றத்து டி-ஷர்ட் இல்லை, சங்கத்துத் துண்டும் இல்லை. வெள்ளைச் சட்டை, வேட்டி. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர் மாதிரி முதல் வீட்டில் மணி அடித்தார்.

அதே நேரம் இரண்டு கட்சிக்காரர்களும் நோட்டீஸோடு தெருவில் நுழைந்துகொண்டிருந்தார்கள். இவரையும் அவர்களில் ஒருவர் என்று நினைத்து முதல் வீட்டுக்காரர் நோட்டீஸுக்குக் கை நீட்டினார்.

"நோட்டீஸ் இல்லீங்க" என்றார் இவர். "அன்னிக்குக் கரண்ட் போனது என்னாலதாங்க. கட்சிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. கட்டையப் பாக்கெட்ல வெச்சிக்கினு மறந்துபோய் நடந்துட்டேன். மன்னிச்சிடுங்க. அத வெச்சி யாருக்கும் போட்டுடாதீங்க. அத வெச்சி யாருக்கும் போடாமயும் இருந்துடாதீங்க."

"யாரு உங்களை அனுப்பினது?" என்று கேட்டார் அந்த வீட்டுக்காரர்.

"யாரும் அனுப்பலீங்க. பஸ்சுல வந்தேன்."

ஒவ்வொரு வீடாக இதையே சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு வீட்டில் திட்டினார்கள், நின்று கேட்டுக்கொண்டார். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், குடித்தார். ஒரு வீட்டில் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாயந்திரம் திரும்ப வந்து சொன்னார். முதலில் வேட்பாளரின் ஆட்களுக்குக் குஷி. நம் மேல் இருந்த பழியைத் துடைக்கிறார் என்று பின்னாலேயே வந்தார்கள். மூன்றாவது வீட்டில்தான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. 'சதி செய்துவிட்டார்கள்' என்று அவர்கள் நாலு நாளாகப் பேசிக்கொண்டிருந்ததும் அதோடு போயிற்று. சங்கச் செயலாளர் தெருமுனையில் மறித்துக்கொண்டார்.

"யோவ் தோழர், அவனுக்கு ஓட்டுக் கேக்கிறியா நீ?"

"நான் யாருக்கும் கேக்கல தோழர். கேக்காதீங்கன்னும் சொல்லல. என்னோடத மட்டும் திருப்பி எடுத்துக்கினு போறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார்.

என் வீட்டுக்கும் வந்தார். நான் கதவைத் திறந்ததும், வேற்றாள் வீட்டு வாசலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு, "அன்னிக்குக் கரண்ட் போனது என்னாலதாங்க" என்று ஆரம்பித்தார்.

"அண்ணே, எனக்கே சொல்றீங்களா? கடிதம் எழுதினதே நான்தானே!" என்று சிரித்தேன்.

"அது ஆபீஸ்ல. இது வூடு" என்றார். சிரிக்கவில்லை. முழுவதையும், ஒரு வார்த்தை விடாமல், எனக்கும் சொல்லி முடித்தார். என் வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்து உட்காரச் சொன்னார். இன்னும் பதினாலு வீடு பாக்கி இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்று சாயந்திரம் ஆபீஸிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, தூக்கம் கெட்டு வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்ததும், அந்த வேட்பாளருக்கு என் ஓட்டு இல்லை என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கரண்ட் ஏன் போனது என்று ஊரிலேயே முதலில் தெரிந்தவள் நான். விளக்கக் கடிதத்தை என் கையால் எழுதியவள். அப்புறமும் அந்த முடிவை நான் மாற்றவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான். ஒரு தேர்தலில் மைக் சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது என்று ஒருவருக்குப் போடவில்லை. இன்னொன்றில் வேட்பாளர் மனைவி நல்ல மாதிரி சிரித்தார் என்று போட்டேன். இந்த லட்சணத்தில்தான் நடிகரைப் பார்க்கப் போகிற ஜனங்களைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

தேர்தல் அன்று பள்ளிக்கூட வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போனேன். மெஷினில் வரிசையாகப் பெயர்கள், சின்னங்கள். போடாமல் இருப்பதற்கு என்னிடம் இருந்த ஒரே காரணத்தை அவர் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பதிலாக வேறு எதையும் வைத்துவிட்டுப் போகவில்லை. முதல் முறையாக மேலிருந்து கீழே ஒவ்வொரு பெயராகப் படித்தேன். இவர் என்ன செய்தார், அவர் என்ன செய்வார், எங்கள் தெருவுக்கு என்ன வேண்டும், பெருக்க வரும் அம்மாவின் தெருவுக்கு என்ன வேண்டும்.

"என்னம்மா, மெஷின் வேலை செய்யலையா?" என்று வெளியே இருந்து தேர்தல் அதிகாரி குரல் கொடுத்தார்.

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு. யாருக்குப் போடலாம்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். கொஞ்சம் இருங்க" என்றேன்.